கொக்குவில்: 30 பைட்டா, 33 பைட்டா?

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டல. கடைசி செமஸ்டர், ஆணி அதிகம்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். உண்மை அது இல்ல. ஒரு தப்பு பண்ணிட்டேன். அதைச் சரி பண்ணாம இங்க வந்து எழுத மனசு வரல. இப்ப சரி பண்ணியாச்சு, அதனால பதிவு.

டிஸ்கி: இது பொட்டி தட்டுற பதிவு. கீ, இண்டெக்ஸ், க்வெரினு நிறைய வரும். டேட்டாபேஸ்னாலே அலர்ஜி உள்ளவங்க கொஞ்சம் பொறுத்துக்குங்க. நடுவுல ஒரு ஐயா வருவார், அவருக்காகவாவது கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

மரண அறிவித்தல்

நான் குடியிருக்கிறது ஸ்கார்பரோவில், எல்ஸ்மியர் ரோட்டுக்குப் பக்கத்துல ஒரு வீட்டு பேஸ்மெண்ட். வீட்டுக்கார அக்கா யாழ்ப்பாணம். நான் விருதுநகர் பக்கம். வந்த புதுசுல அவங்க பேசுறது எனக்குப் பாதிதான் புரியும், நான் பேசுறது அவங்களுக்கு சினிமா மாதிரி இருக்குமாம். போன வருஷக் கடைசியில ஒரு நாள், "தம்பி, நீர் கம்ப்யூட்டர் தானே படிக்கிறீர், எங்கட வாசிகசாலைக்கு ஒரு உதவி செய்வீரோ?"ன்னு கேட்டாங்க. வாடகையை ரெண்டு வருஷமா ஏத்தாத அக்கா. மாட்டேன்னா சொல்ல முடியும்?

வாசிகசாலைன்னா படிப்பகம். ஒரு கடைத் தொகுதிக்கு மேல ரெண்டு ரூம். உள்ள டொராண்டோவில் தொண்ணூறுகள்ல இருந்து வந்த தமிழ்ப் பத்திரிகைகள் கட்டுக் கட்டா அடுக்கி இருக்கு. ஓய்வு பெற்ற நாலஞ்சு பேர் அதுல வர்ற மரண அறிவித்தல்களை மட்டும் ஸ்கேன் பண்ணி, தட்டச்சு செஞ்சு சேர்த்து வச்சிருந்தாங்க. கிட்டத்தட்ட 9,000. இதை யாரு வேணாலும் தேடுற மாதிரி ஒரு பக்கம் வேணும். அவ்வளவுதான் வேலை.

நம்மூர் ஆளுங்களுக்கு ஒரு விளக்கம். ஈழத்தமிழர் மரண அறிவித்தல் நம்ம "கண்ணீர் அஞ்சலி" மாதிரி இல்ல. அது ஒரு முழு வம்ச விவரம். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார்னு ஆரம்பிக்கும். அடுத்து அப்பா அம்மா, துணை, பிள்ளைகள், சகோதரங்கள், மருமக்கள். யாரு எந்த நாட்டுல இருக்காங்கன்னு அடைப்புக்குறிக்குள்ள போட்டிருக்கும். யாராவது ஏற்கெனவே இறந்திருந்தா பேருக்கு முன்னாடி "காலஞ்சென்ற" இருக்கும். ஒரு குடும்பம் சிதறி எங்கெங்க போய் நின்னுச்சுன்னு அந்த ஒரு கட்டத்துக்குள்ள தெரிஞ்சுடும். இங்க நிறைய பேருக்கு ஊர்ல இருந்த பத்திரங்கள் எல்லாம் சண்டையில போச்சு. அதனால இந்த அறிவித்தல்தான் சில குடும்பங்களுக்கு எழுத்துல மிச்சம்.

இதெல்லாம் எனக்கு அப்ப புரியல. எனக்கு அது 9,000 வரி டேட்டா. ஒரு வாரம் போதும்னு சொல்லிட்டேன்.

தேடலும் துழாவலும்

டைனமோடிபி எடுத்தேன். கிளாஸ்ல படிச்சது கைவசம் இருந்தது, சர்வர் பராமரிப்பு இல்ல, 2016-ல இருந்து மாண்ட்ரியல்ல அமேசானுக்கு டேட்டா சென்டர் இருக்கிறதால விவரம் கனடாவுக்குள்ளயே இருக்கும். ஒவ்வொரு அறிவித்தலுக்கும் ஒரு எண் கொடுத்தேன், அதையே கீயா வச்சேன். ஊர் பேரை வச்சுத் தேட? ஃபில்டர் போட்டேன். வேலை முடிஞ்சது. முடிஞ்சதுன்னு நினைச்சேன்.

டைனமோடிபியில விவரம் எடுக்க முக்கியமா ரெண்டு வழி. ஒண்ணு க்வெரி, இன்னொண்ணு ஸ்கேன். (வாசிகசாலை ஐயாமாருக்கு ஸ்கேன்னா அந்த மெஷின். அவங்களோட பேசும்போது இந்தக் குழப்பம் வேற.) நூலகத்துல அட்டைப் பெட்டியில பாத்து நேரா அலமாரிக்குப் போறது க்வெரி. முதல் அலமாரியில இருந்து கடைசி வரைக்கும் ஒவ்வொரு புத்தகமா எடுத்துப் பிரிச்சுப் பார்த்து, "இது இல்ல, இது இல்ல"ன்னு வச்சுக்கிட்டே போறது ஸ்கேன்.

இதுல ஏமாத்துறது ஃபில்டர்தான். ஃபில்டர் போட்டா கம்மியாப் படிக்கும்னு தோணும். கிடையாது. எல்லாத்தையும் படிச்ச பிறகுதான் வடிகட்டும். படிச்சது அத்தனைக்கும் கணக்கு எழுதும். உங்க கைக்கு வந்தது நாப்பது வரின்னாலும் காசு 9,000 வரிக்கு.

கணக்குப் பார்ப்போம். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொண்ணும் யூடிஎஃப்-8ல 3 பைட். ஒரு அறிவித்தல் சராசரியா 2 கேபி. 9,000 அறிவித்தல் 18,000 கேபி. ஒரு ரீட் யூனிட்டுக்கு 4 கேபி படிக்கலாம், "சில நொடி பழசா இருந்தாலும் பரவாயில்ல"ன்னு சொன்னா 8 கேபி. அப்ப ஒரு தேடலுக்கு 2,250 யூனிட். செலவு ஏறக்கூடாதுன்னு நொடிக்கு 25 யூனிட்தான் ஒதுக்கி வச்சிருந்தேன். அப்படின்னா ஒரு தேடலுக்கு 90 நொடி ஆகணும்.

ஆனா நான் வீட்டுல சோதிச்சப்ப பறந்துச்சே? அதுக்கும் காரணம் இருக்கு. பயன்படுத்தாத யூனிட்டை 300 நொடி வரைக்கும் சேமிச்சு வச்சு, தேவைப்படும்போது கொடுக்கும். 25ஐ 300ஆல பெருக்கினா 7,500. மூணு தேடலுக்கு அது போதும். நாலாவதுக்குப் போதாது.

வாசிகசாலையில பத்துப் பதினஞ்சு பேர் முன்னாடி காட்டினேன். முதல் தேடல் பறந்தது. ரெண்டாவது பறந்தது. மூணாவதும். எல்லாரும் கை தட்டினாங்க. நாலாவதா ஒரு அம்மா அவங்க ஊரைச் சொன்னாங்க. வட்டம் சுத்துச்சு. சுத்திக்கிட்டே இருந்துச்சு. "இண்டர்நெட் ஸ்லோ போல"ன்னு ஒருத்தர் எனக்காகப் பரிஞ்சு பேசினார். இண்டர்நெட் மேல ஒரு தப்பும் இல்லைன்னு எனக்கு மட்டும் தெரியும். ஆளுக்கு ஒரு மட்டன் ரோல் கொடுத்தாங்க, எனக்குத் தொண்டையில இறங்கல.

கேள்வி முதல்ல, கீ அப்புறம்

நமக்குச் சொல்லிக் கொடுத்த பழைய டேட்டாபேஸ் வழி என்ன? முதல்ல விவரத்தை ஒழுங்கா அட்டவணையாப் பிரி. எப்படிக் கேட்கப் போறோம்ங்கிறது அப்புறம். எந்தக் கேள்வி வந்தாலும் எஸ்க்யூஎல் பார்த்துக்கும், மெதுவா இருந்தா ஒரு இண்டெக்ஸ் போட்டுக்கலாம். அந்த இண்டெக்ஸுக்கு அடியில இருக்கிறது பி-ட்ரீ. போயிங் கம்பெனியோட ஆராய்ச்சிக் கூடத்துல இருந்த பேயரும் மெக்ரைட்டும் எழுதி 1972-ல வெளிவந்த கட்டுரை, இன்னிக்கும் ஓடுது.

அமேசான்காரங்க வேற பக்கம் இருந்து வந்தாங்க. அவங்க டேட்டாபேஸை எப்படிப் பயன்படுத்துறாங்கன்னு அவங்களே ஆராய்ஞ்சப்ப, சுமார் 70 சதவீத வேலை ஒரே ஒரு கீயைக் கொடுத்து ஒரே ஒரு வரியை எடுக்கிறதா இருந்துச்சாம். அதுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய இயந்திரம்னு யோசிச்சு டைனமோ செஞ்சாங்க, 2007-ல கட்டுரை வந்தது. அந்த வழியில 2012-ல வந்த சேவைதான் டைனமோடிபி. இதுல விதி தலைகீழ். என்னென்ன கேள்வி வரும்னு முதல்ல எழுது. அதுக்குத் தகுந்த மாதிரி கீ அமை. நீ யோசிக்காத கேள்விக்கு இதுல பதில் இல்ல, ஸ்கேன்தான்.

இது புது ஐடியான்னு நினைக்காதீங்க. வீரமாமுனிவர் 1732-ல சதுரகராதி தொகுத்தார். சதுரம்னா நாலு. பெயர், பொருள், தொகை, தொடைன்னு நாலு பிரிவு. ஒரு சொல்லைக் கையில வச்சுக்கிட்டு அர்த்தம் தேடுறவனுக்குப் பெயரகராதி. பொருளைக் கையில வச்சுக்கிட்டு அதுக்கு எத்தனை சொல் இருக்குன்னு தேடுறவனுக்குப் பொருளகராதி. முத்தமிழ், நானிலம்னு எண்ணி வர்ற தொகைகளுக்கு ஒண்ணு, எதுகை தேடுற கவிராயருக்கு ஒண்ணு. தேடி வர்றவன் கையில என்ன வச்சுக்கிட்டு வருவான்னு யோசிச்சு நாலு வழி வச்சிருக்கார் மனுஷன். இண்டெக்ஸுங்கிறது அதேதான்.

அடுத்த சனிக்கிழமை டிம் ஹார்ட்டன்ஸ்ல ஐயாமாரோட உக்காந்து, டபுள் டபுள் காபியோட, யாரு என்ன கேட்டு வருவாங்கன்னு பேப்பர் நாப்கின்ல எழுதினோம். மூணே கேள்விதான் தேறுச்சு.

ஒண்ணு: இன்ன ஊர்க்காரங்க, இன்ன வருஷம்.
ரெண்டு: இன்ன பேர்ல யாராவது இருக்காங்களா.
மூணு: எந்த அறிவித்தலுக்கு இன்னும் பிழை திருத்தம் பார்க்கல. (இது ஐயாமாரோட சொந்தக் கேள்வி.)

முதல் கேள்விக்குத்தான் முக்கால்வாசி பேர் வருவாங்கன்னாங்க. அப்ப பார்ட்டிஷன் கீ ஊர், சார்ட் கீ தேதி. பார்ட்டிஷன் கீ எந்த அலமாரின்னு சொல்லும், அதைத் துல்லியமாக் கொடுக்கணும். "கொக்கு"ன்னு பாதி கொடுத்தா எடுக்காது. சார்ட் கீ அந்த அலமாரிக்குள்ள வரிசை. அதுல பாதி கொடுக்கலாம், இதுல இருந்து இது வரைக்கும்னு கேட்கலாம். அதனால தேதியை வருஷம்-மாசம்-நாள்னு எழுதணும். நம்ம பழக்கத்துக்கு நாளை முதல்ல எழுதினா 1998 தையும் 2007 தையும் ஒண்ணாக் கலந்துடும். 1998-03ன்னு ஆரம்பிக்கிற எல்லாம் கொடுன்னா அந்த மாசம் மட்டும் அழகா வரும்.

ஒரு அறிவித்தல்ல பிறப்பிடம் ஒண்ணு, நடுவுல வசிச்ச ஊர் ஒண்ணுன்னு ரெண்டு மூணு ஊர் வருமே? ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வரி தனியா எழுதிட்டேன். பழைய பாடப்படி இது பாவம், ஒரே விவரத்தை ரெண்டு இடத்துல வைக்கக் கூடாது. இங்க பாவம் இல்ல. இடம் மலிவு, படிக்கிறதுதான் விலை.

ஒரு ஐயா, "வதிவிடம் கனடா எண்டும் தேடலாம் தானே"ன்னார். அதைப் பார்ட்டிஷன் கீயா வைக்கக் கூடாது. டொராண்டோ பத்திரிகையில வர்றவங்க பெரும்பாலும் கனடாதான். எல்லாரும் ஒரே அலமாரியில போய் விழுவாங்க. ஒரு பார்ட்டிஷனுக்கு நொடிக்கு 3,000 ரீட் யூனிட், 1,000 ரைட் யூனிட்தான் உச்சவரம்பு. நம்ம 9,000 வரிக்கு அது ஒரு பிரச்சினையே இல்ல. ஆனா கோடிக்கணக்குல வரி இருக்கிற இடத்துல, நாடு, ஆண்/பெண், இன்னைய தேதி இப்படிப்பட்ட கீ வச்சா ஒரு அலமாரி முன்னாடி கூட்டம் நெரியும், மத்த அலமாரி எல்லாம் காத்து வாங்கும். ரேஷன் கடையில பத்து கவுண்டர் வச்சுட்டு எல்லாரையும் ஒரே கவுண்டருக்கு அனுப்புற கதை.

மூணாவது கேள்விக்கு ஒரு சின்ன வித்தை. செகண்டரி இண்டெக்ஸ்ல, அந்த இண்டெக்ஸோட கீ எந்த வரியில இருக்கோ அந்த வரி மட்டும்தான் சேரும். அதனால திருத்த வேண்டிய அறிவித்தலுக்கு மட்டும் "பாக்கி"ன்னு ஒரு புலம் வச்சு அதுக்கு இண்டெக்ஸ் போட்டேன். திருத்தி முடிச்சதும் அந்தப் புலத்தை அழிச்சா இண்டெக்ஸ்ல இருந்து தானா விழுந்துடும். பாக்கி இருக்கிறது மட்டும் அதுல நிக்கும். இதுக்குன்னு எந்தப் புரோகிராமும் எழுத வேண்டாம்.

இப்ப ஒரு ஊரைத் தேடினா நாப்பது வரி, 80 கேபி, 10 யூனிட். 2,250 எங்க, 10 எங்க! எனக்குத் தலை கால் புரியல. கரவெட்டி போட்டேன், வந்துச்சு. மானிப்பாய் போட்டேன், வந்துச்சு. சாவகச்சேரி, நெடுந்தீவு, வல்வெட்டித்துறை எல்லாம் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள வந்துச்சு. முடிஞ்சதுன்னு மறுபடியும் நினைச்சேன்.

ஐயா

பிப்ரவரி மாசம், நல்ல பனி. வாசிகசாலையில நான் மட்டும் உக்காந்திருந்தேன். எழுபது வயசு தாண்டின ஒரு ஐயா வந்தார். பூட்ஸ் பனியைத் தட்டிட்டு, தொப்பியைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னார்.

"தம்பி, உதில தேடினா பழசெல்லாம் வருமோ?"

"வரும் ஐயா, உக்காருங்க. யாரைத் தேடணும்?"

"எங்கட அண்ணை. 98 பங்குனியில மோசம் போனவர், இஞ்சதான். நான் அப்ப வன்னிக்குள்ள. ஆறு மாசத்துக்குப் பிறகுதான் எனக்குச் செய்தியே வந்தது."

"ஊரு?"

"கொக்குவில்."

தட்டச்சு செஞ்சேன். அரை நொடி கூட ஆகல. "பதிவுகள் எதுவும் இல்லை."

1998-ஐ எடுத்துட்டு எல்லா வருஷமும் போட்டேன். கொஞ்சம் வந்துச்சு, அவர் அண்ணன் இல்ல. பேரை வச்சுத் தேடினேன். அந்தப் பக்கம் அப்ப அரைகுறையாத்தான் இருந்தது, அதுலயும் வரல.

"பத்திரிகையில போட்டாங்கன்னு நிச்சயமாத் தெரியுமா ஐயா?"

"போட்டவை எண்டுதான் அண்ணி சொன்னவ. அவவும் இப்ப இல்லை. பிள்ளையளிட்டப் பேப்பர் இல்லை." கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "அதில என்ர பேரை எப்பிடிப் போட்டிருக்கினம் எண்டு ஒருக்காப் பாக்கோணும், அவ்வளவுதான்."

எனக்குப் புரியல. "எப்படின்னா?"

"நான் உயிரோட இருக்கிறனோ இல்லையோ எண்டு அவைக்கு அப்ப தெரியாது, தம்பி."

அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. மறுபடியும் ஒரு தடவை தட்டினேன், சும்மா, கை சும்மா இருக்கக் கூடாதேன்னு. அதே பதில். "சரி தம்பி, போட இல்லைப் போல. நீர் குறை நினைக்காதையும்"னுட்டு எந்திரிச்சுப் போயிட்டார். போன் நம்பர் மட்டும் எழுதி வாங்கிக்கிட்டேன். எதுக்கு வாங்கினேன்னு அப்ப தெரியல.

"இல்லை"ன்னு என் பக்கம் சொன்னது உறுத்திக்கிட்டே இருந்தது. ஒருத்தர் 27 வருஷம் கழிச்சு வந்து கேட்கிறார், அரை நொடியில இல்லைன்னாச்சு. நான் எழுதின புரோகிராம். அதுக்கு அவ்வளவு நிச்சயமாத் தெரியுமா?

ரெண்டு கொக்குவில்

மூணு வாரம் கழிச்சு, வேற ஒரு வேலையா ஊர்ப் பட்டியல் எடுத்தேன். ஒவ்வொரு ஊருக்கும் எத்தனை அறிவித்தல்னு எண்ணி, எழுத்து வரிசையில அடுக்கினேன். திரையில இப்படி வந்துச்சு:

கெருடாவில்
கொக்குவில்
கோண்டாவில்
கைதடி
கொக்குவில்
கோண்டாவில்

ரெண்டு கொக்குவில். ரெண்டு கோண்டாவில். நடுவுல கைதடி.

முதல்ல என் கண்ணு மேலதான் சந்தேகம். பெருசாக்கிப் பார்த்தேன், ரெண்டும் ஒண்ணு போலவே இருந்தது. ரெண்டும் சமமான்னு பைத்தான்ல கேட்டேன். இல்லைன்னுச்சு. நீளம் கேட்டேன். ஒண்ணு 10, இன்னொண்ணு 11.

அப்பதான் பொறி தட்டுச்சு. யூனிகோடில் "கொ"வை ரெண்டு விதமா எழுதலாம். க போட்டு, ஒகரக் குறின்னு ஒரே குறியைப் போடலாம். இல்லைன்னா க போட்டு, ஒற்றைக் கொம்பு தனியா, கால் தனியான்னு ரெண்டு குறி போடலாம். ரெண்டும் ஒண்ணுதான்னு யூனிகோட் தரமே சொல்லுது, திரையிலயும் ஒண்ணாத்தான் தெரியும். ஆனா பைட் கணக்குல முதல் விதத்துல எழுதின கொக்குவில் 30, ரெண்டாவது விதத்துல எழுதினது 33. டைனமோடிபி எழுத்தைப் பார்க்காது, பைட்டைத்தான் பார்க்கும். அதுக்கு ரெண்டும் வேற வேற ஊர், வேற வேற அலமாரி. அது வரிசையில கெகரத்துக்குப் பக்கத்துல போய் நின்னதுக்கும் இதுதான் காரணம். கொம்பு தனியா இருந்தா அது முதல்ல "கெ"தானே!

எப்படி வந்துச்சு? ஐயாமார்ல ஒருத்தர் தன்னோட பழைய கணினியில ஸ்கேன் பண்ணி, கோப்புக்கு ஊர் பேரும் தேதியும் வச்சிருந்தார். சில பழைய கோப்பு முறைகள் பேரைச் சேமிக்கும்போதே இப்படிப் பிரிச்சு வச்சுக்கும். என் புரோகிராம் ஊரைக் கோப்புப் பேர்ல இருந்து எடுத்துச்சு. ஐயா மேல தப்பே இல்ல, அவர் சரியாத்தான் எழுதினார். கீயா வைக்கிற எதையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராம எழுதினது நான்.

நான் சோதிச்ச ஊர்களை மறுபடி பாருங்க. கரவெட்டி, மானிப்பாய், சாவகச்சேரி, நெடுந்தீவு, வல்வெட்டித்துறை. ஒண்ணுல கூட ஒ, ஓ, ஔ சேர்ந்த எழுத்து இல்ல! கொக்குவில், கோண்டாவில், கோப்பாய், தொண்டைமானாறு, பொலிகண்டி, கொழும்பு, இவங்க மட்டும் மாட்டிக்கிட்டாங்க. எல்லாம் சேர்த்து முன்னூத்திச் சொச்சம் அறிவித்தல் யாரு கண்ணுலயும் படாம உள்ளயே இருந்திருக்கு. இதுல ஒரு வேடிக்கையான வேதனை. பழைய ஸ்கேன் முறையில, மெதுவா இருந்தாலும் யாராவது ஒருத்தர் வரி வரியாப் பார்த்திருந்தா சிக்கியிருக்கும். வேகமா ஆக்கினதும் தப்பும் வேகமாயிடுச்சு.

சரி பண்ணினது

ஒண்ணு. உள்ள எழுதும்போதும் தேடும்போதும் எழுத்தை என்எஃப்சின்னு ஒரே வடிவத்துக்கு மாத்தினேன். பைத்தான்ல ஒரு வரி. ரெண்டு பக்கமும் செய்யணும், ஒரு பக்கம் மட்டும் செஞ்சா இருக்கிற சிக்கல் இடம் மாறும், அவ்வளவுதான்.

ரெண்டு. அதுவே போதாதுன்னு பிறகு புரிஞ்சது. ஔவை எழுதும்போது ஔ போடாம ஒ-வும் ள-வும் போடுறவங்க இருக்காங்க. அது கண்ணுக்குத்தான் ஒண்ணு, யூனிகோடுக்கு வேற. ஸ்ரீ எழுத ஸ-வில் ஆரம்பிக்கிற வழி ஒண்ணு, 2005-ல யூனிகோடில் சேர்த்த ஶ-வில் ஆரம்பிக்கிற வழி ஒண்ணு. இதையெல்லாம் என்எஃப்சி தொடாது. அதுக்கும் மேல, நான் டொராண்டோன்னு எழுதுறேன், எங்க வீட்டு அக்கா ரொறன்ரோன்னு எழுதுவாங்க. ரெண்டும் சரிதான். யாழ்ப்பாணம்னு ஒருத்தர், யாழ். னு ஒருத்தர்.

அதனால மூணு. ஊர் பேரையே கீயா வைக்கிறதை விட்டேன். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு எண். எந்த எழுத்துல எழுதினாலும் அந்த எண்ணுக்குக் கொண்டுபோய் விடுற ஒரு தனிப் பட்டியல். புதுசா ஒரு எழுத்து வழக்கு வந்தா பட்டியல்ல ஒரு வரி சேர்த்தாப் போதும், கீயைத் தொட வேண்டாம். இதை நான் கண்டுபிடிக்கல. 2005-ல இருந்து ஈழத்து நூல்களை மின்வடிவமாக்கிக்கிட்டு வர்ற நூலகம் தளத்தைப் பாருங்க, ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் இருக்கும். தலைப்பை யாரு எப்படி எழுதினாலும் எண் மாறாது. தினமும் அந்தத் தளத்துக்குப் போறவன், கண்ணு முன்னாடி இருந்ததைப் பார்க்காம விட்டிருக்கேன்.

நாலு. "பதிவுகள் எதுவும் இல்லை"ங்கிற வாக்கியத்தைத் தூக்கிட்டேன். இப்ப "இந்தத் தேடலில் கிடைக்கவில்லை. விவரத்தை எழுதி வையுங்கள், நாங்கள் கையால் தேடிப் பார்க்கிறோம்"னு வரும். கூடவே ஒத்த ஊர்ப் பேர்கள் நாலஞ்சு காட்டும்.

திரும்பவும் ஐயா

சரி பண்ணின அன்னிக்கு ராத்திரி கொக்குவில், 1998, மார்ச் போட்டேன். அவர் சொன்ன பேர் இருந்துச்சு. படத்தைத் திறக்கல. அவருக்கு முன்னாடி நான் படிக்கக் கூடாதுன்னு தோணுச்சு. காலையில போன் பண்ணி, "ஐயா, நான் அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டேன், இருக்கு"ன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "இப்ப வாறன்"னார்.

பஸ் பிடிச்சு ஒரு மணி நேரத்துல வந்துட்டார். திரையில படத்தைத் திறந்து, சகோதரங்கள் வரியைப் பெருசாக்கிக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, விரலைத் திரையில வச்சு ஒவ்வொரு பேரா நகர்த்திக்கிட்டே போனார். முதல் ரெண்டு பேருக்கு முன்னாடி "காலஞ்சென்ற" இருந்தது. மூணாவது ஒரு அக்கா, ஜெர்மனி. நாலாவது அவர் பேர். முன்னாடி எதுவும் இல்ல. பின்னாடி அடைப்புக்குறிக்குள்ள, இலங்கை.

விரல் அங்கயே நின்னுச்சு.

"இருக்கிறன் எண்டுதான் போட்டிருக்கினம்"னார். என்கிட்ட சொல்லல, திரைகிட்ட சொன்னார்.

நான் தேத்தண்ணி போடப் போற சாக்குல எந்திரிச்சுப் போயிட்டேன். திரும்பி வந்தப்ப தொப்பியைப் போட்டுக்கிட்டுத் தயாரா நின்னார். "ஒரு கொப்பி எடுக்கலாமோ தம்பி?"ன்னு கேட்டார். ரெண்டா எடுத்துக் கொடுத்தேன். ஒண்ணை மடிச்சு சட்டைப் பைக்குள்ள வச்சுக்கிட்டு, இன்னொண்ணை மடிக்காமக் கையிலயே பிடிச்சுக்கிட்டுப் போனார்.

இவ்வளவுதாங்க கதை. டேட்டாபேஸ் வகுப்புல இண்டெக்ஸ் எதுக்குன்னு கேட்டா, வேகத்துக்குன்னு எழுதி மார்க் வாங்கினவன் நான். இருக்கிற ஒண்ணை இல்லைன்னு சொல்லாம இருக்கிறதுக்கும் அதுதான்னு இப்ப தெரியுது.

பி.கு. 1: தமிழ்ல தேடல் வச்சிருக்கிற மக்களே, உங்க பெட்டியில கொ, கோ, கௌ மூணையும் ரெண்டு விதமாவும் எழுதித் தேடிப் பாருங்க. ரெண்டுக்கும் ஒரே பதில் வரலைன்னா எழுதுங்க, சேர்ந்து பார்க்கலாம்.

பி.கு. 2: பைட் வரிசை அகராதி வரிசை கிடையாது. ச-வுக்கு அடுத்து ஜ வந்து உக்காரும், ந-வுக்கு அடுத்து ன வரும், க் எல்லாக் கா, கி, கீ-க்கும் பின்னாடி போகும். பேர்ப் பட்டியலை அதே வரிசையில காட்டி "எங்கட பிள்ளை அகராதியே பார்த்ததில்லைப் போல"ன்னு ஒரு ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்ட கதை அடுத்த பதிவுல.

பி.கு. 3: ஈழத்து நண்பர்களே, உங்க ஊர்ப் பேரை எத்தனை விதமா எழுதுவாங்கன்னு பின்னூட்டத்துல போட்டுட்டுப் போங்க. என் பட்டியல்ல ஒவ்வொரு வரியா சேர்த்துக்கிறேன்.